கட்டணம் என்னுடையது, கட்சிக்காரர் என் தம்பி: ஒரு குற்றவியல் வழக்கறிஞரின் சேவை பற்றி

குற்றவியல் வழக்கறிஞர் ஒருவரின் சேவையை மூன்றாண்டுகளுக்கு மேல் பெற்ற குடும்பத்தைச் சேர்ந்தவள் என்ற முறையில் இம்மதிப்புரையை எழுதுகிறேன். அவருடைய பெயரையோ அலுவலகத்தையோ குறிப்பிடப் போவதில்லை. வழக்கு முடிந்து, தண்டனையும் முடிந்து, தம்பி வீடு திரும்பிய பிறகு, அவனுடைய முழுச் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அந்தச் சம்மதத்தை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது படித்துக்கொண்டு வரும்போது விளங்கும்.

தம்பி ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்தான். அவன் மீது இரண்டு குற்றச்சாட்டுகள் இருந்தன. அலுவலகப் பணப்பெட்டகத்திலிருந்து பணம் எடுத்தான் என்பது முதலாவது. பணம் வழங்கும் வவுச்சர்களில் மேலாளரின் கையெழுத்தைப் போலியாக இட்டான் என்பது இரண்டாவது. அவனோடு பணிபுரிந்த இன்னொருவரும் உடன் குற்றஞ்சாட்டப்பட்டிருந்தார்.

முதல் சந்திப்பிலேயே எனக்கு அதிருப்தி. வழக்கறிஞர் எடுத்த எடுப்பில், "நீ செய்தாயா, இல்லையா?" என்று கேட்பார் என்று எதிர்பார்த்திருந்தேன். தம்பி "இல்லை" என்று சொல்வதை என் காதால் கேட்க வேண்டும் என்ற ஆசையும் எனக்கு இருந்தது. அவரோ எப்போது கைது செய்தார்கள், எதையெல்லாம் கைப்பற்றினார்கள், காவல் நிலையத்தில் என்ன சொன்னாய், எதிலாவது கையெழுத்திட்டாயா என்று வரிசையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "அம்மா, நீங்கள் சற்று வெளியே இருங்கள்" என்றார். "கட்டணம் கட்டுவது நான்தானே?" என்றேன். "கட்டணம் நீங்கள் கட்டுகிறீர்கள். கட்சிக்காரர் உங்கள் தம்பி" என்று சொல்லிவிட்டுக் கதவு சாத்தப்படும் வரை காத்திருந்தார்.

அந்தக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்த ஒரு மணி நேரத்தில் அவரைப் பற்றி நான் நினைத்தவற்றை இங்கே எழுத முடியாது. கட்சிக்காரர் தம் வழக்கறிஞரிடம் சொல்வதற்குச் சட்டம் ஒரு காப்பைத் தருகிறது என்பதும், மூன்றாம் ஆள் ஒருவர் உடனிருந்தால் அந்தக் காப்பு நழுவிவிடக்கூடும் என்பதும், பணம் கொடுக்கும் அக்காவும் சட்டத்தின் கண்ணில் அந்த மூன்றாம் ஆள்தான் என்பதும் எனக்குப் பின்னால் தெரிந்தன. அவர் அதை அன்றே இரண்டு வாக்கியங்களில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. விதியைக் கடைப்பிடிப்பதில் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட அதை விளக்குவதில் அவர் காட்டுவதில்லை என்பது இச்சேவையின் முதன்மையான குறை.

அந்த இரகசியக் காப்பு எவ்வளவு கனமானது என்பதை அறிய நான் பின்னர் சில பழைய வழக்குகளைப் படித்தேன். சிகாகோவில் 1982-இல் ஒரு காவலாளி சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கில் ஆல்டன் லோகன் என்பவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அந்தக் கொலையைச் செய்தவன் தான்தான் என்று ஆண்ட்ரூ வில்சன் என்பவர் தம் வழக்கறிஞர்களிடம் ஒப்புக்கொண்டிருந்தார். அவர்கள் அதை எழுதிக் கையொப்பமிட்டு, உறையில் முத்திரையிட்டுப் பூட்டி வைத்தார்கள். தாம் இறந்த பிறகு வெளியிடலாம் என்று மட்டுமே வில்சன் இசைந்திருந்தார். அவர் 2007-இல் இறந்தார். உறை திறக்கப்பட்டது. லோகன் 2008-இல் விடுதலையானார். சிறையில் அவர் கழித்தவை 26 ஆண்டுகள். இதைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அந்த வழக்கறிஞர்கள் செய்தது சரி என்று சொல்ல என் மனம் இன்றும் ஒப்பவில்லை. தவறு என்று சொல்வதும் எளிதாக இல்லை, ஏனெனில் சொன்னதை வழக்கறிஞர் வெளியே விடுவார் என்ற அச்சம் இருந்திருந்தால் வில்சன் வாய் திறந்தே இருக்கமாட்டார். அந்த உறையே பிறந்திருக்காது.

இதற்கு நேர்மாறான ஒரு வழக்கும் உண்டு. ஆஸ்திரேலியப் பழங்குடியைச் சேர்ந்த டக்கியார் என்பவருக்கு ஒரு காவலரைக் கொன்றதாக மரண தண்டனை விதிக்கப்பட்டது. குற்றத் தீர்ப்பு வந்த பிறகு, அவருக்காக வாதாடிய வழக்கறிஞரே நீதிமன்றத்தில் எழுந்து, தம் கட்சிக்காரர் தம்மிடம் சொன்னதை வெளிப்படையாகக் கூறிவிட்டார். மேல்முறையீட்டை விசாரித்த ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 1934-இல் அத்தண்டனையை நீக்கியதோடு, அந்த வழக்கறிஞரின் செயலையும் கடுமையாகக் கண்டித்தது. மனச்சாட்சியின் பாரத்தை இறக்கி வைக்க நினைத்தவர் அதைத் தம் கட்சிக்காரரின் தலைமேல் இறக்கினார் என்றுதான் எனக்குத் தோன்றியது. எங்கள் வழக்கறிஞர் அந்த வகையைச் சேர்ந்தவர் அல்லர். மூன்றாண்டுகளில் தம்பி அவரிடம் சொன்ன ஒரு சொல்லைக்கூட அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

கட்டணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வழக்கின் எந்தக் கட்டத்துக்கு எவ்வளவு என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்தார். "விடுதலை வாங்கித் தந்தால் தனியாக ஒரு தொகை தருகிறோம்" என்று நான் சொன்னபோது முகம் சுளித்தார். முடிவைப் பொறுத்துக் கூலி பேசுவதைக் குற்ற வழக்குகளில் பல நாடுகளின் வழக்கறிஞர் விதிகள் தடுக்கின்றன. விடுதலைக்குத் தனி விலை பேசிவிட்டால், சமரசமாகக் குறைந்த தண்டனை பெறுவது கட்சிக்காரருக்கு நன்மையாக இருந்தாலும் வழக்கறிஞருக்கு அது நட்டமாகிவிடும். உடன் குற்றஞ்சாட்டப்பட்டவரின் குடும்பம் அவரையே அணுகியபோதும் மறுத்துவிட்டார். இருவருக்கும் ஒரே வழக்கறிஞர் என்றால் செலவு பாதியாகுமே என்று நாங்கள் வருந்தினோம். இரண்டாம் குற்றச்சாட்டு எப்படி முடிந்தது என்று பார்த்த பிறகு அந்த வருத்தம் போய்விட்டது.

இனிச் சொல்லப் போவது எனக்குப் பெருமை சேர்ப்பதன்று. பணம் காணாமற்போன நாளின் மாலையில் தம்பி இருந்தது தம் வீட்டில்தான் என்று சாட்சி சொல்ல எங்கள் அத்தை மகன் முன்வந்தார். அவர் தாமாக முன்வந்தார் என்று எழுதுவதுகூட முழு உண்மை அன்று; நான்தான் கேட்டேன். வழக்கறிஞரிடம் சொன்னபோது அவர் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "அன்று மாலை அந்த வீட்டில் வேறு யார் யார் இருந்தார்கள், என்ன பேசினார்கள், உங்கள் தம்பி எப்போது கிளம்பினார் என்று அவரிடம் கேட்டு எழுதி வாருங்கள்" என்றார். நான் எழுத உட்கார்ந்தேன். இரண்டு வரிக்கு மேல் ஓடவில்லை. மறு வாய்தாவுக்கு முன் அவரைப் பார்க்கப் போனபோது என் கையில் தாள் இல்லாததைக் கவனித்தவர், "பொய் என்று நம்புவதற்குக் காரணம் உள்ள சாட்சியை நான் கூண்டில் ஏற்றுவதில்லை. இதை இத்தோடு விடுவோம்" என்று முடித்துவிட்டார். என்னைக் குத்திக் காட்டவும் இல்லை, தம்பி தம்மிடம் என்ன சொல்லியிருந்தான் என்பதைக் கசியவிடவும் இல்லை.

அன்று இந்த மதிப்புரையை எழுதியிருந்தால் ஐந்துக்கு ஒரு நட்சத்திரம்தான் கொடுத்திருப்பேன். கோபத்தில் வேறொரு வழக்கறிஞரைத் தேடிச் சென்றேன். அவர் கேட்டவுடனேயே, "சாட்சியை அழைத்து வாருங்கள், பார்த்துக்கொள்ளலாம்" என்றார். எவ்வளவு இனிமையான சொல்! ஆனால் வழக்கறிஞரை மாற்றும் உரிமையும் தம்பியுடையது. அவன் மாற்ற மறுத்துவிட்டான். ஏன் மறுத்தான் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

ஒருவர் தமக்குத் தற்காப்பு வேண்டும் என்று கேட்பதில் பொய்ச் சாட்சிக்கான உரிமையும் அடங்குமா என்ற கேள்வி அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. வைட்சைடு என்பவர் தம்மால் கொல்லப்பட்டவரின் கையில் துப்பாக்கியைப் பார்க்கவில்லை என்று முதலில் வழக்கறிஞரிடம் சொல்லியிருந்தார். பின்னர், உலோகம் போன்ற ஏதோ ஒன்றைப் பார்த்ததாகக் கூண்டில் சொல்ல விரும்பினார். அப்படிச் சொன்னால் நீதிமன்றத்திடம் தெரிவித்துவிடுவேன் என்று வழக்கறிஞர் எச்சரித்தார். பொய் சொல்ல உதவ மறுத்ததால் கட்சிக்காரரின் உரிமை எதுவும் பறிபோகவில்லை என்று 1986-இல் தீர்ப்பு வந்தது. வழக்கறிஞர் வாயை மூடிக்கொள்ளக் கடமைப்பட்டவர். பொய்க்கு வாயைத் திறக்கக் கடமைப்பட்டவர் அல்லர். இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள இடம் மிகக் குறுகலானது. எங்கள் வழக்கறிஞர் மூன்றாண்டுகள் அதில்தான் நின்றார்.

அவருடைய உண்மையான திறமை வெளிப்பட்டது குறுக்கு விசாரணையில். முதலில் கையெழுத்து நிபுணர். வவுச்சர்களில் இருந்த கையெழுத்து தம்பியின் கை எழுதியதே என்பது அவருடைய அறிக்கை. எங்கள் வழக்கறிஞர் குரலை உயர்த்தவே இல்லை. ஒப்பிட்டுப் பார்த்தவை மூலத் தாள்களா, நகல்களா என்று கேட்டார். மூன்று வவுச்சர்களுக்கு நகல்தான் கிடைத்தது என்றார் நிபுணர். பேனா எவ்வளவு அழுத்தமாகப் பதிந்தது, எங்கே தயங்கி நின்றது, எந்தக் கோடு எதன் மேல் ஏறிச் செல்கிறது என்பவை நகலில் தெரியுமா என்பது அடுத்த கேள்வி. தெரியாது என்றார். தம்பியின் மாதிரிக் கையெழுத்துகள் எத்தனை, உடன் குற்றஞ்சாட்டப்பட்டவரின் மாதிரிகள் எத்தனை என்று கேட்டபோது, இரண்டாமவரின் மாதிரிகள் தமக்கு அனுப்பப்படவே இல்லை என்று நிபுணர் ஒப்புக்கொண்டார். நீதிமன்றமே ஒரு கணம் அசையாமல் இருந்தது. இருவருக்கும் ஒரே வழக்கறிஞர் இருந்திருந்தால் அந்தக் கடைசிக் கேள்வியை அவரால் கேட்டிருக்க முடியுமா?

அடுத்த சாட்சி, தம்பியோடு பல ஆண்டுகள் பணியாற்றிய, ஓய்வு பெறும் வயதை நெருங்கிய அம்மையார் ஒருவர். தம்பி அன்று மாலை பணப்பெட்டகத்தைத் திறந்ததைக் கண்டதாகச் சொன்னார். பெட்டகத்தின் மாற்றுச் சாவி அவரிடமும் இருந்தது. "அந்த அம்மாளே எடுத்திருக்கலாம் என்று கேளுங்கள்" என்று முந்தைய நாள் நான் வழக்கறிஞரிடம் மன்றாடியிருந்தேன். அவர் கேட்கவில்லை. எவ்வளவு தூரத்தில் நின்றீர்கள், விளக்கு எரிந்ததா, கண்ணாடி அணிந்திருந்தீர்களா, அது எந்தக் கிழமை, எப்படி நினைவிருக்கிறது என்று மட்டுமே கேட்டார். கிழமையைச் சொல்வதில் அந்த அம்மையார் தடுமாறினார். கூண்டின் விளிம்பைப் பிடித்திருந்த அவருடைய விரல்கள் நடுங்கியதை முதல் வரிசையில் இருந்த நான் பார்த்தேன். எனக்கு அப்போது மகிழ்ச்சியாக இருந்தது. இதையும் மறைக்க விரும்பவில்லை.

தீர்ப்பில் முதல் குற்றச்சாட்டு நிரூபணமானது. இரண்டாவதில் தம்பிக்கு ஐயத்தின் பலன் அளிக்கப்பட்டு விடுதலை கிடைத்தது. அன்றிரவு தம்பி என்னிடம் எல்லாவற்றையும் சொன்னான். பணத்தை எடுத்தது உண்மை. கையெழுத்தை அவன் இடவில்லை. இட்டவர் யாரென்று அவனுக்குத் தெரியும். இவ்விரண்டையும் முதல் நாளிலேயே, நான் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்த அந்த ஒரு மணி நேரத்தில், வழக்கறிஞரிடம் சொல்லிவிட்டிருந்தான்.

அந்த இரவுக்குப் பிறகு வழக்கின் ஒவ்வொரு வாய்தாவையும் மனத்துக்குள் மறுபடி நடத்திப் பார்த்தேன். அத்தை மகனை அவர் ஏன் தவிர்த்தார் என்பது விளங்கியது. தம்பியை ஏன் கூண்டில் ஏற்றவில்லை என்பதும் விளங்கியது. இறுதி வாதத்தில் "என் கட்சிக்காரர் எடுக்கவில்லை" என்ற சொற்றொடர் ஒரு முறைகூட வரவில்லை என்பதையும், "அரசுத் தரப்பு நிரூபிக்கவில்லை" என்பதே திரும்பத் திரும்ப வந்தது என்பதையும் நான் அப்போதுதான் உணர்ந்தேன். இதைச் சொல் விளையாட்டு என்று சிலர் கருதலாம். நானும் கருதியிருப்பேன். ஆனால், "இவன் எப்படியும் திருடன்தானே" என்று அவர் மனத்துக்குள் தீர்ப்பெழுதிவிட்டுக் கையெழுத்து நிபுணரை அரைகுறையாக விசாரித்திருந்தால், தம்பி தான் செய்யாத குற்றத்துக்கும் சேர்த்துச் சிறையில் இருந்திருப்பான். ஒன்றைச் செய்தவன் மற்றொன்றையும் செய்திருப்பான் என்று நினைப்பது மனித இயல்பு. அந்த இயல்புக்கு எதிராக ஒருவர் எழுந்து நிற்பதற்குத்தான் நான் பணம் கட்டியிருக்கிறேன், அது தெரியாமலே.

ஆனால் அந்த அம்மையாரின் விரல்கள்? அவர் உண்மையைத்தான் சொல்கிறார் என்று வழக்கறிஞருக்குத் தெரியும். தெரிந்தே அவருடைய கண் பார்வையையும் நினைவையும் ஐயத்துக்குரியவை ஆக்கினார். இலண்டனில் 1840-இல் வில்லியம் ரஸ்ஸல் பிரபுவைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட வேலைக்காரர் கூர்வாசியே, விசாரணை நடந்துகொண்டிருந்தபோதே தம் வழக்கறிஞர் சார்லஸ் பிலிப்ஸிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டார், ஆனாலும் தமக்காக வாதாடியே ஆக வேண்டும் என்றார். விலகிவிட நினைத்த பிலிப்ஸ், நீதிமன்றத்தில் அமர்ந்திருந்த பார்க் என்னும் நீதிபதியிடம் கருத்துக் கேட்டார். தொடர்வதே கடமை என்பது கிடைத்த விடை. கூர்வாசியேவுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. ஆனால் குற்றமற்ற பணிப்பெண்கள் மீது பிலிப்ஸ் ஐயத்தைத் திருப்பினார் என்ற கண்டனம் அவரைப் பல ஆண்டுகள் துரத்தியது. அவர் அதை மறுத்து எழுத வேண்டியிருந்தது. எங்கள் வழக்கறிஞர் மாற்றுச் சாவியைப் பற்றி ஒரு சொல்லும் கேட்காததன் பொருள் இதைப் படித்தபோது எனக்குப் பிடிபட்டது. சாட்சியின் சொல்லைச் சோதிப்பதும், குற்றமற்ற சாட்சியைக் குற்றவாளியாக்குவதும் அவருக்கு ஒன்றல்ல. இந்த வேறுபாட்டை அறிவு ஏற்கிறது. அந்த அம்மையாருக்கு இவ்வேறுபாடு தெரிந்திருக்குமா என்பது வேறு. தம் நேர்மையைப் பலர் முன்னிலையில் ஒருவர் உரசிப் பார்த்தார் என்ற நினைவோடுதான் அவர் வீடு திரும்பியிருப்பார். இந்தக் கால் மணி நேரத்துக்கு நட்சத்திரம் கூட்டவும் என்னால் முடியவில்லை, குறைக்கவும் முடியவில்லை.

அவரோடு பழகத் தொடங்கியபின், அவர் சமூகத்தில் எப்படி நடத்தப்படுகிறார் என்பதையும் பார்க்க நேர்ந்தது. எங்கள் வழக்கு சிறியது. அதே காலத்தில் அவர் ஏற்றிருந்த வேறொரு கொடிய வழக்குக்காக, தெரிந்தவர்களே அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வழக்கறிஞர்களை அவர்களுடைய கட்சிக்காரர்களோடு ஒன்றாக்கிப் பார்க்கக் கூடாது என்று ஐக்கிய நாடுகள் அவையின் 1990-ஆம் ஆண்டுக் கொள்கைகள் சொல்கின்றன. குற்றஞ்சாட்டப்பட்ட குறிப்பிட்ட சிலருக்காக எவரும் வாதாடக் கூடாது என்று வழக்கறிஞர் சங்கங்கள் தீர்மானம் போடுவது செல்லாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2010-இல் தீர்ப்பளித்திருக்கிறது. வழக்கறிஞர்களுக்கே நீதிமன்றம் இதைச் சொல்ல வேண்டியிருந்தது என்றால் மற்றவர்களைப் பற்றிக் கேட்க வேண்டியதில்லை. கைது நடந்த வாரம் வரை நானும் அந்த மற்றவர்களில் ஒருத்திதான்.

குறைகளை முழுமையாகச் சொல்லிவிடுகிறேன். தொலைபேசி அழைப்பை எடுக்கமாட்டார். இளநிலை வழக்கறிஞர் எடுப்பார். அவருக்கு எதுவும் தெரியாது. வாய்தா தள்ளிப்போனதை நீதிமன்ற வாசலில்தான் அறிந்துகொள்வோம். இவை பொறுக்கத்தக்கவை. பொறுக்க முடியாத ஒன்று உண்டு. முதல் குற்றச்சாட்டை மட்டும் தொடக்கத்திலேயே ஒப்புக்கொண்டு, எடுத்த பணத்தைத் திருப்பிக் கட்டினால் தண்டனை குறைய வாய்ப்புண்டு என்று அவர் தம்பியிடம் சொல்லியிருக்கிறார். தம்பி வேண்டாம் என்றான். அத்தோடு அவர் விட்டுவிட்டார். முடிவெடுக்கும் உரிமை கட்சிக்காரருடையது என்பது விதி, அதை மதித்தார். ஆனால் அக்காவின் முகத்தைப் பார்க்க அஞ்சி ஒருவன் "வேண்டாம்" என்று சொல்கிறான் என்பதை, இத்தனை ஆண்டுகள் மனிதர்களின் அச்சத்தின் நடுவே வேலை செய்தவர் கண்டுகொண்டிருக்க வேண்டாமா? இரண்டாம் முறை, மூன்றாம் முறை எடுத்துச் சொல்வது விதியை மீறுவதாகாது. உரிமையை மதிப்பது என்ற பெயரில் அவர் தம் பொறுப்பில் ஒரு பகுதியைக் கழித்துக்கொண்டார் என்றே நான் நினைக்கிறேன். இதற்காக ஒரு நட்சத்திரத்தைக் குறைத்து நான்கு தருகிறேன்.

எப்படியாவது விடுதலை வேண்டும் என்பவர்களுக்கு இவரைப் பரிந்துரைக்கமாட்டேன். அவர்களுக்கு நான் கோபத்தில் சந்தித்த அந்த இரண்டாமவர் பொருத்தமாக இருக்கலாம். தமக்குத் தண்டனையே கிடைத்தாலும் செய்தவற்றுக்கு மட்டும் கிடைக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் இவரிடம் போகலாம். வாசலில் காத்திருக்கும் உறவினர்கள் பொறுமையைக் கொண்டுபோக வேண்டும்.

கடைசித் தவணையைக் கட்டுவதற்குத் தம்பியோடு நானும் போயிருந்தேன். பணத்தை என்னிடம் வாங்கிக்கொண்டு இரசீது தந்தார். வழக்குக் கோப்பை ஒரு பெரிய உறையிலிட்டு ஒட்டி வைத்திருந்தார். நான் கையை நீட்டினேன். அவர் என்னைக் கடந்து தம்பியிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு அவனிடம் கையெழுத்து வாங்கினார். அந்த உறை இப்போது தம்பியின் அலமாரியில் இருக்கிறது. அவன் இன்னும் பிரிக்கவில்லை. நானும் கேட்கவில்லை.